ஏழு வருட லேப்டாப்: மாற்றியது என்ன, மாறியது என்ன

2018ல் வாங்கிய லேப்டாப். ஆறாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். 2020ல் மகளின் ஒன்பது மணி ஆன்லைன் வகுப்புக்கு எட்டு நாற்பதுக்கே ஆன் செய்து வைக்க வேண்டியிருந்தது. டெஸ்க்டாப் வந்தாலும், பிரவுசரைத் தொட்டால் அது வெளுத்துப்போய் நிற்கும்.

செய்யாத வைத்தியம் இல்லை. டெம்ப் ஃபைல்களை அழித்தேன், சிதறிய ஃபைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃபிராக் போட்டேன், கிளீனர் மென்பொருள் ஒன்றை நிறுவினேன். அந்தக் கிளீனரே ஸ்டார்ட்அப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு முறை ஃபார்மட்டும் செய்தாயிற்று. பத்துப் பதினைந்து நாள் நன்றாக ஓடும், அப்புறம் பழையபடிதான். கடையில், "இதுக்குச் செலவு பண்ணாதீங்க சார், புதுசு வாங்கிடுங்க" என்றார்கள்.

ஒருநாள் டாஸ்க் மேனேஜரைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சிபியு 12 சதவீதத்தில் சும்மா இருக்கிறது, டிஸ்க் மட்டும் 100. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டு அது. ஒரே பெரிய படத்தைக் காப்பி செய்தால் வினாடிக்கு 100 எம்பி வரை தரும். ஆனால் விண்டோஸ் கேட்பது அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை. ஊசி அங்குமிங்கும் ஓடி எடுத்துக் கொடுப்பதற்குள் வேகம் 1 எம்பிகூடத் தேறாது. எஸ்எஸ்டி என்பது தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் டிஸ்க், அதில் ஓட வேண்டிய ஊசியே கிடையாது.

240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்கி நானே மாட்டினேன். டிஸ்க்கை போர்டோடு இணைக்கும் சாட்டா வழியில் வினாடிக்கு 550 எம்பிக்கு மேல் போகாது என்பதால் விலை உயர்ந்ததைத் தேடவில்லை. ஸ்க்ரூக்கள் ஒரே நீளத்தில் இல்லை. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றியதை அந்தந்த இடத்திலேயே வைத்தேன். இரண்டு ஸ்க்ரூ ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தன. பழைய ஏடிஎம் கார்டை விளிம்பில் நுழைத்து நெம்பினால் ஒவ்வொரு கிளிப்பும் 'டக்' என்று விடும். முதல் 'டக்'குக்கு ஏதோ உடைந்தேவிட்டது என்று நினைத்தேன். உள்ளே முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அதை மட்டும் மறக்கக் கூடாது.

புதிதாக விண்டோஸ் 10 போட்டு ஆன் செய்தால் முப்பது வினாடிக்குள் டெஸ்க்டாப். மகள் நம்பவில்லை, ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்து பார்த்தாள்.

2021ல் காலி ஸ்லாட்டில் 8 ஜிபி ராம் சேர்த்தேன். ஆன் ஆகும் நேரத்தில் பெரிய மாற்றம் இல்லை. ஜூம், எக்செல், பத்து டேப் எல்லாம் ஒன்றாகத் திறந்தாலும் திணறுவதில்லை, அவ்வளவுதான். கையில் காசு குறைவென்றால் முதலில் எஸ்எஸ்டி, ராம் பிறகு.

2023 மே மாதத்தில் மறுபடி இழுத்தது. இந்த முறை குற்றவாளி தூசி. ஃபேனுக்கும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி படிந்திருந்தது. சூடு ஏறினால் சிபியு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் சுத்தம் செய்து, சிபியுவின் சூட்டை வெளியே கடத்த உதவும் தெர்மல் பேஸ்டையும் மாற்றினேன். 95 டிகிரியைத் தொட்டது 75க்கு இறங்கியது.

2025 அக்டோபர் 14ஓடு விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்தது. ஆறாம் தலைமுறை என்பதால் விண்டோஸ் 11 பட்டியலில் இது இல்லை. சரி என்று விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டேன். அதிலும் தமிழ்99 விசைப்பலகை முறையிலேயே தட்டச்சு செய்கிறேன். எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் இன்னும் 91 சதவீதம் காட்டுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கை யுஎஸ்பி கேஸில் போட்டு, போட்டோ பேக்கப்புக்கு வைத்திருக்கிறேன்.

உங்கள் லேப்டாப்பில் ஏற்கெனவே எஸ்எஸ்டி இருந்தால் இந்தக் கதை உதவாது. ராமையும் தூசியையும் பாருங்கள். என்னுடையதில் இப்போது பேட்டரி இருபது நிமிடம்தான் நிற்கிறது, இடது கீல் விரிசல் விட்டு எம்சீலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.