காரைக்குடியில் இரண்டு மடிக்கணினிகள், இரண்டு வாரண்டிகள்

2026 பொங்கலுக்காக ஸ்டுட்கார்ட்டிலிருந்து நான்கு வார விடுப்பில் காரைக்குடிக்கு வந்திருந்தேன். வந்த சில நாட்களிலேயே அக்கா மகளின் மடிக்கணினியும், அதைத் தொடர்ந்து என்னுடையதும் பழுதாயின. அவளுடையதற்கு, கூரியரில் அனுப்பிச் சரிசெய்து திரும்பப் பெறும் வாரண்டி. என்னுடையதற்கு, பொறியாளர் வீடு தேடி வரும் ஆன்சைட் வாரண்டி. இரண்டும் வேறு வேறு நிறுவனங்கள். பெயர்கள் வேண்டாம், எந்த நிறுவனத்திலும் இந்த இரண்டு ஏற்பாடுகளும் ஏறக்குறைய இப்படித்தான் நடக்கும் என்று நினைக்கிறேன்.

அவளுடைய திரையில் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. தொலைபேசியில் புகார் பதிவானது. மறுநாளே கூரியர்காரர் வாசலில் நின்றார். அதுவரை குறையில்லை. ஆனால் மடிக்கணினி வந்த அட்டைப்பெட்டியில் அக்கா கொலு பொம்மைகளை அடுக்கிப் பரணில் ஏற்றியிருந்தார். பொம்மைகளை இறக்கிப் பழைய புடவையில் சுற்றி வைத்துவிட்டுப் பெட்டியைக் காலி செய்யும்வரை கூரியர்காரர் பொறுமையாகக் காத்திருந்தார். உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறதா, அது உப்பியிருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி சடங்குக்காகக் கேட்கப்படுவதன்று. உப்பிய, சேதமடைந்த பேட்டரியை விமானத்தில் ஏற்றக்கூடாது என்பது உலகெங்கும் உள்ள விதி. பேட்டரியே பழுதாகியிருந்தால், அனுப்பிச் சரிசெய்யும் வாரண்டி தொடக்கத்திலேயே சிக்கிக்கொள்ளும்.

பன்னிரண்டாம் நாள் பெட்டி திரும்பியது. புதிய திரை, பழுதற்ற வேலை. ஆனால் விண்டோஸ் புதிதாக நிறுவப்பட்டிருந்தது. அவளுடைய ப்ராஜெக்ட் அறிக்கை இல்லை. திரையை மாற்றுவதற்கு எதற்காகச் சேமிப்பகத்தைத் துடைத்தார்கள் என்று நான் தொலைபேசியில் கேட்டேன். தரவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல, அனுப்புமுன் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற வரியை மறுமுனையில் இருந்த பெண் படித்துக் காட்டினார். வரி இருப்பது உண்மை. திரையில் எதுவுமே சரியாகத் தெரியாத கணினியிலிருந்து இரண்டாமாண்டு மாணவி எப்படி நகல் எடுப்பாள் என்பதற்கு அந்த வரியில் விடை இல்லை. வெளித்திரை ஒன்றை இணைத்திருந்தால் எடுத்திருக்கலாம். வீட்டுத் தொலைக்காட்சியே போதுமாக இருந்திருக்கும். அது அன்று எனக்கும் தோன்றவில்லை.

இனி என்னுடையது. ஜனவரி 13 செவ்வாய் காலை அது உயிர்பெறவில்லை. பொத்தானை அழுத்தினால் சார்ஜர் விளக்கு மட்டும் ஆரஞ்சு நிறத்தில் சிமிட்டியது. ஜெர்மனியில் வாங்கியது. அங்கே விற்ற கடைக்காரருக்கு இரண்டாண்டுச் சட்டப் பொறுப்பு உண்டு. 2022 முதல், வாங்கி ஓராண்டுக்குள் வெளிப்படும் பழுது விற்றபோதே இருந்ததாகக் கருதப்படுகிறது. வலுவான சட்டம்தான், ஆனால் அது விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது. காரைக்குடியில் இருப்பவருக்கு உடனடிப் பயன் தராது. இங்கே கைகொடுப்பது தயாரிப்பாளர் தாமாகத் தரும் வாரண்டிதான், அதுவும் பன்னாட்டுச் சேவை என்று அதில் எழுதியிருந்தால் மட்டுமே. என்னுடையதில் எழுதியிருந்தது.

ஆன்சைட் வாரண்டியில், பொறியாளர் வருவது ‘அடுத்த வேலை நாள்’ என்று எழுதியிருக்கும். அதைப் பலரும் புகார் செய்த மறுநாள் என்று புரிந்துகொள்கிறார்கள்; நானும் அப்படித்தான் இருந்தேன். தொலைபேசியில் சோதனை முடிந்து, பழுது இன்னதென்று உறுதியாகி, உதிரிபாகம் கைக்கு வந்த பிறகே அந்தக் கணக்கு தொடங்குகிறது. எனக்குச் சோதனை முடிந்தது 14ஆம் தேதி, போகியன்று. வியாழன் பொங்கல், வெள்ளி மாட்டுப் பொங்கல், சனி உழவர் திருநாள், பிறகு ஞாயிறு. மாற்ற வேண்டிய மதர்போர்டு மதுரைக்கு வந்தது திங்கட்கிழமை. பொறியாளர் வந்தது செவ்வாய், ஜனவரி 20. ஒரு நாள் என்று எழுதியிருந்தது ஏழு நாளானது. இதில் யாரும் என்னை ஏமாற்றவில்லை.

வந்த இளைஞர் கூடத்து மேசையில் வெள்ளைத்தாளை விரித்து, மடிக்கணினியின் அடிப்பாகத்தைப் பென்சிலால் வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதனதன் இடத்திலேயே வைத்தார். என் தரவெல்லாம் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றியதும், “இதை நீங்களே வச்சிருங்க சார்” என்று என் கையில் கொடுத்துவிட்டார். கட்டைவிரல் அகலம்கூட இல்லாத அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டிருந்த அரைமணி நேரத்தில்தான், ஆன்சைட்டுக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் எதற்கென்று எனக்குப் புரிந்தது. இடையில் உலோக மூடியைத் தொட்டபோது விரலில் சுர்ரென்றதையும் அவர்தான் கவனித்தார். ஜெர்மன் சார்ஜரை நான் இரண்டு முள் அடாப்டரில் செருகியிருந்ததால் எர்த் இணைப்பு இல்லை; சார்ஜர் 230 வோல்ட்டுக்கு ஏற்றதாக இருந்தாலும் இது வேறு சங்கதி.

புதிய போர்டில் கணினி எழுந்ததும், சேமிப்பகத்தைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் நாற்பத்தெட்டு இலக்க மீட்புச் சாவியைக் கேட்டது. போர்டு மாறினால் பாதுகாப்புச் சில்லும் மாறுகிறது, அதனால் கேட்கத்தான் செய்யும். சாவி என் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. அந்தக் கணக்குக்குள் நுழைவதற்கான குறியீடோ பெட்டிக்குள் அணைந்து கிடந்த ஜெர்மன் சிம்முக்குப் போயிற்று. அதைத் தேடியெடுத்து அப்பாவின் பழைய கைப்பேசியில் போடும்வரை பொறியாளர் காபி குடித்துக் காத்திருந்தார். ஊருக்குக் கிளம்புமுன் அந்த இலக்கங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விசைப்பலகை பழுதாகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் அவரிடம் கேட்டேன். ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும் ஜெர்மன் விசைப்பலகை இங்கே கிடைப்பது அரிது, அமெரிக்க அமைப்பைத்தான் போட்டுத் தர முடியும் என்றார்.

ஆன்சைட் எல்லாருக்கும் தேவை என்று சொல்லமாட்டேன். ஸ்டுட்கார்ட்டில் பகலில் என் வீட்டில் ஆளில்லை. பொறியாளருக்காக நான் ஒரு நாள் விடுப்பெடுக்க வேண்டும், பார்சல் கடையோ தெருமுனையில் இருக்கிறது. வேலைக்கு அலுவலகக் கணினி தனியாக உண்டு. ஊருக்கு வரும் அந்த நான்கு வாரம் இல்லையென்றால் எனக்கு அனுப்பிச் சரிசெய்யும் வாரண்டியே போதும். அக்கா மகளின் நிலை வேறு: இருப்பது ஒரே கணினி, பகலெல்லாம் வீட்டில் ஆளுண்டு, தேர்வுக் காலத்தில் பன்னிரண்டு நாள் என்பது பெரும் இழப்பு.

எனவே அவளுடைய முதலாண்டு வாரண்டி முடியுமுன்பே ஆன்சைட்டுக்கு மாற்றினோம். முடிந்த பிறகு மாற்றுவது பெரும்பாலும் இயலாது. கடைக்காரர் “தாராளமா வருவாங்க சார்” என்றதை மட்டும் நம்பாமல், எங்கள் பின்கோடு அந்தச் சேவையில் அடங்குகிறதா என்று நிறுவனத்திடமே கேட்டு உறுதி செய்தோம். நீட்டித்த காலத்தில் பேட்டரி அடங்காது என்ற வரியையும் அப்போதுதான் படித்தோம்.

விமானத்துக்கு முதல்நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கணினியை வாங்கித் தந்தது நான் என்பதால் பதிவில் இருந்தது என் ஜெர்மன் எண். பொறியாளர் புறப்படுமுன் அழைப்பது அந்த எண்ணைத்தான். அன்றிரவே அக்காவின் எண்ணுக்கு மாற்றினேன்; ஓடிபி வந்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார்.