எஸ் எங்க போடோணும்னு புரிய வெச்ச கிளாஸ்

திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசரா இருக்கேனுங்க, நாள் முச்சூடும் துணி வாங்கற பையருக்கு இங்கிலீஷ்ல மெயில் அடிக்கிறதுதான் வேலை, ஆனா மேனேஜர் திருத்திக் குடுக்காம ஒண்ணும் அனுப்ப முடியாது, அதுக்காகவே மூணு மாசம் ஞாயித்துக்கிழமை தவறாம அவினாசில இருந்து பஸ் ஏறி இந்த இங்கிலீஷ் கிராமர் கிளாஸுக்குப் போனேன்.

மொத நாளே மேடம் கேட்டாங்க, "ஏனுங்கம்மிணி, அஞ்சு பெட்டி வந்துச்சும்பீங்களா, 'வந்தன'ம்பீங்களா?" வந்தனன்னு யாருங்க பேசறாங்க! ஒரு பெட்டின்னாலும் வந்துச்சு, அஞ்சுன்னாலும் வந்துச்சுதான். அந்த வாய்ப்பழக்கத்துலதான் ஃபைவ் பாக்ஸஸ் ஹேஸ் கம்னு எழுதிப்போடறோமாம், அங்க ஹேவ் வரோணும். எல்லாரும் வந்தாங்கன்னு சொல்லிப் பழகினதால எவ்ரிபடி ஹேவ் கம்னு வருது, அங்க ஹேஸ்தான் போடோணும். எனக்கு இங்கிலீஷே ஏறாதுன்னு இத்தன வருசம் நெனச்சுட்டு இருந்தேன், காரணம் தெரிஞ்சதும் மனசு லேசாயிருச்சு.

அப்புறம் இந்த எஸ். பேர்ச்சொல்லுக்குப் பின்னால வந்தா பெரும்பாலும் பன்மை, வெர்புக்குப் பின்னால வந்தா ஒருமை. த மெஷின் ரன்ஸ், த மெஷின்ஸ் ரன். ஸ்கூல்ல இத இப்படி ஒருத்தரும் சொல்லித் தரல.

ஒருக்கா என்ற மெயிலையே பிரிண்ட் எடுத்துட்டுப் போனேன், "த லிஸ்ட் ஆஃப் ஸ்டைல்ஸ் ஆர் அட்டாச்ட்"னு இருந்துச்சு. மேடம் பென்சில வாங்கி 'ஆஃப் ஸ்டைல்ஸ்'ங்கறத மட்டும் கோடு இழுத்து அடிச்சுட்டு, மிச்சத்தப் படிங்க கண்ணுன்னாங்க. த லிஸ்ட் ஆர். படிக்கறப்பவே நாக்கு இடறுச்சுங்க, லிஸ்ட் ஒண்ணுதான, இஸ்தான் வரோணும். இப்பவும் ஒன் ஆஃப் த பையர்ஸ்னு அடிச்சா, அந்த பென்சில் கோடு கண்ணுல வந்துதான் ஹேஸ் போடறேன்.

கொறையும் இருக்குதுங்க. டீம், ஸ்டாஃப் மாதிரி கூட்டத்தக் குறிக்கிற வார்த்தைகள அஞ்சு நிமிசத்துல முடிச்சுட்டாங்க. லண்டன் பையர் த டீம் ஆர்னு எழுதுவாரு, அமெரிக்கா பையர் த டீம் இஸ்ம்பாரு, ரெண்டும் அவங்கவங்க ஊர்ல சரிதான், எங்க ஊர்ல தெனமும் வர்ற சமாச்சாரம் இது, ஒரு கிளாஸ் முழுசா எடுத்திருக்கோணும். நோட்ஸும் ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், பாதி எழுத்து தெரியல.

சேர்றவங்க காலைல பேட்ச்ல சேருங்க, மத்தியானம் கூட்டம் ஜாஸ்தி, உங்க மெயில மேடத்துகிட்ட காட்ட நேரமே கெடைக்காது.