லினக்ஸ் லேப்டாப்பும் எழுதப்படாத எரரும்

"லேப்டாப்பில் லினக்ஸ் போடட்டுமா, நீதான் பல வருஷமா வச்சிருக்கியே" என்று நண்பன் கேட்டான். கேட்ட நேரம் சரியில்லை. மாதக்கணக்கில் உயிரை வாங்கிய ஒரு கிராஷுக்கு அப்போதுதான் முடிவு கட்டியிருந்தேன்.

கிராஷ் என்றால் ஏதோ ஒரு ஆப் மூடிக்கொள்வது இல்லை. மவுஸ் நகரும், திறந்திருக்கும் பிரவுசரில் ஸ்க்ரோல்கூட ஆகும், ஆனால் புதிதாக எதுவும் திறக்காது, டெர்மினலில் எதை அடித்தாலும் இன்புட்/அவுட்புட் எரர், கொஞ்ச நேரத்தில் மொத்தமும் உறைந்துவிடும். ரீபூட் செய்து முந்தைய பூட்டின் ஜர்னலை, அதாவது நடந்ததையெல்லாம் சிஸ்டம் எழுதிவைக்கும் பதிவேட்டைப் பார்த்தால் வழக்கமான வரிகள், அப்புறம் ஒன்றுமே இல்லை. எனக்கு ஆத்திரம் உறைவதில்கூட இல்லை, இதில்தான். ராமைச் சந்தேகித்து இரவெல்லாம் மெம்டெஸ்ட்86+ ஓடவிட்டேன், சுத்தம். டிரைவர், பழைய கெர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) என்று மாற்றிப் பார்த்ததிலும் பலனில்லை.

கைகொடுத்தது நெட்கன்சோல். வயர் இணைப்பு வேண்டும், கெர்னல் செய்திகளை நெட்வொர்க் வழியாக (யுடிபி) இன்னொரு கணினிக்கு அனுப்பிவிடும். அடுத்த முறை உறைந்தபோது அங்கே வந்து விழுந்தது: என்விஎம்இ கன்ட்ரோலர் (எஸ்எஸ்டி டிரைவை இயக்கும் சிப்) படுத்துவிட்டது, ரீசெட் செய்யப்படும். அடுத்த வரியிலேயே, உன் டிரைவின் மின்சேமிப்பு பழுதோ என்று ஒரு கேள்வி, கெர்னல் தொடங்கும்போது கொடுக்கும் இன்ன பூட் பாராமீட்டரைப் போட்டுப் பார் என்று ஒரு யோசனை, கூடவே பக் ரிப்போர்ட் செய்யச் சொல்லி ஒரு வேண்டுகோள். நோயும் தெரியும், மருந்தும் தெரியும், ஆனால் சீட்டு எழுத வேண்டிய இடம் செத்துக் கிடக்கும் அதே எஸ்எஸ்டி!

வேலையில்லாத நேரத்தில் டிரைவ் தானாகவே குறைந்த மின்நிலைக்குப் போகும் வசதியை 2017இல் வந்த 4.11 கெர்னலிலிருந்து லினக்ஸ் பயன்படுத்துகிறது. சில டிரைவ்கள் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போனால் எழுந்திருப்பதில்லை. லினக்ஸைத் தொடக்கிவைக்கும் கிரப்பில் அந்தப் பாராமீட்டரைப் பூஜ்யமாக்கி, தூங்கவே விடாமல் வைத்திருக்கிறேன். பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்குகிறது, போகட்டும், அதற்கப்புறம் உறையவில்லை.

குற்றம் டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில், லினக்ஸில் இல்லை. இவ்வளவு உள்ளே போய்ப் பார்க்க விட்டதும் லினக்ஸ்தான், அந்த நெட்கன்சோல் வரிகளைப் பார்த்தபோது வந்த சந்தோஷத்தையும் மறுக்க முடியாது. நியாயப்படி தாராளமாகப் போடு என்றுதான் சொல்ல வேண்டும். மனசு வரவில்லை, வேண்டாம்டா என்று பதில் போட்டுவிட்டேன். வேண்டுமானால் அடுத்த மாசம் திரும்பக் கேட்கட்டும்.