ஓஆர்டிக்கு முன்னாடி பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்: எதுக்குப் போகணும், எதுக்கு வேணாம்

சிங்கப்பூர்ல என்எஸ், அதாவது கட்டாய ராணுவ சேவை, முடிக்கப் போற பசங்களுக்காகத்தான் இத எழுதுறேன், எனக்கு இன்னும் சில வாரத்துல ஓஆர்டி, அதாவது சேவை முடிஞ்சு வெளிய வர்ற நாளு. கடைசி மாசம் வந்துட்டாலே கேம்ப்ல எல்லார் வாய்லயும் ஒரே பேச்சு, எத்தன நாளு, லீவு கிளியர் பண்ணிட்டியா, ஸ்டோர்ல என்னென்ன திருப்பிக் கொடுக்கணும், சார்ஜென்ட்டுக்கு என்ன கிஃப்ட்டு. இதுல கடைசி ரெண்டுக்கும் பதில் ஒரே எடத்துல கெடைக்கும், அதான் பீச் ரோட்ல கோல்டன் மைல் ஃபுட் சென்டர் மாடியில இருக்குற ஆர்மி மார்க்கெட்.

தெரியாதவங்களுக்கு: கீழ சாப்பாட்டுக் கடைங்க, மேல ஏறுனா வரிசையா சின்னச் சின்ன கடை, எல்லாத்துலயும் பூட்ஸு, பேக்கு, பெல்ட்டு, தொப்பி, டார்ச்சுன்னு கூரை வரைக்கும் தொங்கும். நிக்கோல் ஹைவே, லாவண்டர் ரெண்டு எம்ஆர்டியிலருந்தும் நடந்தே போயிரலாம். எதுத்தாப்ல இருக்குற கோல்டன் மைல் காம்ப்ளெக்ஸ், அந்தத் தாய்லாந்து கடைங்களா இருக்குமே, அது 2023லயே மூடிட்டாங்க, அதனால அத அடையாளமா வச்சுட்டு பழைய ஞாபகத்துல போனீங்கன்னா குழம்பிருவீங்க, ஃபுட் சென்டர் வேற கட்டடம், அது அப்படியே இருக்கு. இதே பீச் ரோட்லதான் பழைய கேம்ப்பும் இருந்துச்சு, இப்ப அந்தக் கட்டடங்கள வச்சுத்தான் சவுத் பீச்சுன்னு ஹோட்டல் ஆபீஸ் எல்லாம் வந்துருச்சு.

மொதல்ல நேம் டேக். இதுக்காகவே போகலாம். பேர எழுதிக் கொடுத்தா மெஷின்ல தச்சு கைல கொடுத்துருவாங்க. நம்ம தமிழ்ப் பேரெல்லாம் நீளம், பட்டை சின்னது, ஆன்லைன்ல ஆர்டர் போட்டப்ப எனக்கு வந்தது எழுத்தெல்லாம் நசுங்கி, பக்கத்துல வந்து பாத்தாதான் படிக்க முடியும்ங்கற மாதிரி இருந்துச்சு. ஆர்மி மார்க்கெட்ல நான் போன கடை அங்கிள் பேரப் பாத்த உடனே இவ்ளோ எழுத்து இந்த அளவுல வராது, எழுத்தக் கொஞ்சம் ஒடுக்கித் தைக்கிறேன், இடைவெளியும் கெட்டுப்போகாதுன்னு அவரே சொல்லி, மொதல்ல பேப்பர்ல எழுதிக் காட்டி, ஸ்பெல்லிங் சரியான்னு திரும்பத் திரும்ப கேட்டுட்டுத்தான் மெஷின்ல கைய வச்சாரு. ரெண்டு வருஷமா நெஞ்சுல ஒட்டிட்டுத் திரியுற பேரு அது, இனிமே ரிசர்விஸ்ட்டுக்கும், அதான் சேவை முடிஞ்ச அப்புறம் அப்பப்ப கூப்பிடுற பயிற்சிக்கும், அதே பேருதான், அதனால அந்த அக்கறைக்கு என் மனசுல பெரிய மரியாதை இருக்கு.

அடுத்தது ஸ்டோர் கணக்கு. எங்க யூனிட்ல ஓஆர்டிக்கு முன்னாடி ஒரு லிஸ்ட்டு கொடுப்பாங்க, இது இது திருப்பிக் கொடு, இது இது வீட்டுக்கு எடுத்துட்டுப் போ, ஐசிடிக்கு, அதான் ரிசர்விஸ்ட் கேம்ப் பயிற்சிக்கு, வரும்போது கொண்டு வான்னு. அவுட்ஃபீல்ட், அதான் காட்டுப் பயிற்சி, போய்ட்டு வந்ததுல யாருகிட்டயாச்சும் மெஸ் டின்னோ தண்ணி பாட்டிலோ கட்டாயம் காணாமப் போயிருக்கும். அந்த மாதிரி சின்ன சாமான், எலாஸ்டிக் பேண்டு, கிளிப்பு, ஹெல்மெட்டுக்குப் போடுற பட்டை, பேக்குல அறுந்துபோன பக்கிள், இதெல்லாம் இங்க கெடைக்கும். அறுந்த சாமானையே கைல எடுத்துட்டுப் போங்க, வாயால சொல்லிப் புரிய வைக்கிறத விட அதக் காட்டுனா அங்கிள் ஒரு டப்பாவத் தொறந்து அதே மாதிரி எடுத்துக் கொடுத்துருவாரு. ஸ்டோர்ல சீரியல் நம்பர் போட்டுக் கொடுத்த சாமான் தொலைஞ்சா மட்டும் கடையத் தேடாதீங்க, நேரா ஸ்டோர்மேன்கிட்ட போய் சொல்லிருங்க, அதான் முறை.

ஆனா யூனிஃபார்மும் பூட்ஸும் இங்க வாங்காதீங்க, இது என்னோட உறுதியான அபிப்ராயம். அதுக்குத்தான் ராணுவ சாமான் கடையான இமார்ட்ல செலவு பண்ண கிரெடிட் கொடுக்குறாங்களே. நம்பர் 4ன்னு சொல்ற பச்சை யூனிஃபார்ம், பூட்ஸ், அட்மின் டீ-ஷர்ட், சாக்ஸு எல்லாம் அந்தக் கிரெடிட்லயே வரும், சைஸும் சரியா இருக்கும், கைக்காசு போகாது. நம்ம அலவன்ஸு எவ்ளோன்னு நமக்குத் தெரியும், ரெக்ரூட்டா இருக்கும்போது மாசம் 800 வெள்ளியக்கூடத் தொடாது, அதுல போய் சும்மா கெடைக்கிற பூட்ஸுக்கு காசு கொடுக்கணுமா. கிரெடிட்ட மிச்சம் வச்சுட்டு ஓஆர்டி ஆகாம, இன்னொரு ஜோடி பூட்ஸ் ஒரு சைஸ் பெருசா எடுத்து வச்சுக்குங்க. ரிசர்விஸ்ட் அண்ணன்மாருங்க எல்லாரும் சொல்ற ஒரே விஷயம், வருஷக்கணக்கா மூட்டையிலயே கெடந்தா நம்ம ஊர் ஈரத்துக்கு பூட்ஸு அடிப்பாகம் பிச்சுக்கிட்டு வந்துரும், ஐசிடி மொத நாளு காலைல மாட்டும்போதுதான் தெரியும்னு. ஓஆர்டி ஆனாலும் பத்து வருஷ ரிசர்விஸ்ட் சைக்கிள் இருக்கு, வருஷத்துல 40 நாள் வரைக்கும் கூப்பிடலாம், அதனால மூட்டையக் கட்டி ஸ்டோர்ரூம்ல தூக்கிப் போடாம அப்பப்ப எடுத்து காத்தாட வைங்க.

இன்சோல் மட்டும் இங்க வாங்கலாம், அதுவும் கொஞ்சம் நல்ல விலையில இருக்குறது. சல்லிசா இருக்குறது ஒரு ரூட் மார்ச்சுக்கே தட்டையாயிரும். பிஎம்டில, அதான் ஆரம்பப் பயிற்சில, 24 கிலோமீட்டர் நடந்தவங்களுக்கு நான் என்ன சொல்ல வர்றேன்னு காலுக்கே தெரியும்.

கிஃப்ட் விஷயத்துக்கு வர்றேன். எங்க பிளாட்டூன்ல எல்லாரும் காசு போட்டு சார்ஜென்ட்டுக்கு ஒரு பிளாக், அதான் நினைவுப் பலகை, செஞ்சோம், யூனிட் லோகோ, நடுவுல குரூப் ஃபோட்டோ, கீழ எல்லார் பேரும். இந்த மாதிரி வேலை செய்ற கடைங்களும் அங்க உண்டு. வேலை சுத்தமா இருந்துச்சு, பேருல ஒரு எழுத்து தப்பில்ல. ஆனா இது போன அன்னைக்கே கெடைக்கிற சாமான் இல்ல, நாள் எடுக்கும், அதனால கடைசி வாரத்துல ஓடாதீங்க, ஒரு மாசம் முன்னாடியே டிசைன் கொடுத்துருங்க. ஃபோட்டோவ வாட்ஸாப்ல சுருங்குனத அனுப்பாம ஒரிஜினல் ஃபைல் கொடுங்க. கொடுத்த அன்னைக்கு எங்க சார்ஜென்ட்டு, ரெண்டு வருஷமா எங்களப் பாத்து "செடியா!"ன்னு, அதான் மலாய்ல அட்டென்ஷன்னு, கத்துன அதே ஆளு, ஒரு வார்த்தை பேசாம ஒவ்வொரு பேரா விரல வச்சு படிச்சாரு. அந்தப் பிளாக்குக்கு நாங்க கொடுத்த காசு எவ்வளவுன்னு அப்புறம் யாருமே பேசல.

நான் இந்த எடத்த இவ்ளோ தூரம் பேசுறதுக்குக் காரணம் சாமான் மட்டும் இல்ல. ஒரே கடைல புதுசா போறவன், முடிக்கப் போறவன், ரிசர்விஸ்ட்டுக்கு வந்தவர்னு மூணு தலைமுறையும் நிக்கும். எங்கப்பாவே சார்ஜென்ட்டா இருந்தப்ப, இந்த பிக்ஸல் யூனிஃபார்ம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடி, இங்கதான் வந்து வாங்குவாராம், அவருக்கு ரெண்டரை வருஷம், 2004லதான் எல்லாருக்கும் ரெண்டு வருஷம்னு ஆக்குனாங்க. நான் போன அன்னைக்கு ஒரு தமிழ் ஆன்ட்டி மகனக் கூட்டிட்டு வந்திருந்தாங்க, பையனுக்கு அடுத்த வாரம் தெக்கோங், புதுசா சேர்றவங்களுக்குப் பயிற்சி கொடுக்குற தீவு. கூடை நிறைய எடுத்து வச்சிருந்தாங்க, கம்பளி, டார்ச்சு, தட்டு, தண்ணி பாட்டில், பாவமா இருந்துச்சு. "தம்பி நீங்க ஆர்மியா, இதெல்லாம் பத்துமா?"ன்னு கேட்டாங்க. ஆன்ட்டி, தெக்கோங்லயே முக்காவாசி சாமான் கொடுத்துருவாங்க, இதெல்லாம் வேணாம்னு சொல்லி, பூட்டு, ஜிப்லாக் பை நெறைய, வேர்க்குரு பவுடர், ப்ளாஸ்டர், ஹேங்கர், துணிக்கு பேரு எழுத மார்க்கர், இருட்டுல மணி தெரியுற சாதாரண வாட்ச்சு, இவ்ளோதான் வேணும்னு எடுத்துக் கொடுத்தேன். கடை அங்கிளும் மீதிய அவரே திரும்ப மாட்டி வச்சிட்டாரு, வித்தா அவருக்குத்தான லாபம், இருந்தும் வேணாம்னுதான் சொன்னாரு. அந்த ஆன்ட்டி கடைசியா கேட்டது சாப்பாடப் பத்தி. சேர்க்குற அன்னைக்கு நீங்களும் கூட ஃபெர்ரில போலாம் ஆன்ட்டி, குக்ஹவுஸ்ல உக்காந்து சாப்பிட்டுப் பாக்கலாம், சைவமும் இருக்குன்னு சொன்ன அப்புறம்தான் முகம் தெளிஞ்சுது. பையன் ஒரு வார்த்தை பேசல, என் நேம் டேக்கையே பாத்துட்டு நின்னான். நல்லா இருப்பே தம்பி, மொத ரெண்டு வாரம்தான் கஷ்டம், அப்புறம் பக்கத்து பெட்ல இருக்குறவன் உனக்கு அண்ணன் தம்பியாயிருவான்னு சொல்லிட்டு வந்தேன்.

குறைன்னு சொன்னா, மேல காத்து வராது, நடைபாதை ஒடுக்கம், ஃபீல்ட் பேக்க மாட்டிட்டு ரெண்டு பேரு எதுக்க எதுக்க வந்தா ஒதுங்க எடம் இல்ல, சனிக்கிழமை புக்-அவுட் ஆகி கேம்ப்ப விட்டு வந்த கையோட போனா இன்னும் நெருக்கும். முடிஞ்சா லீவு போட்ட வாரநாள்ல போங்க. ரெண்டு மூணு கடை ஏறி விலை கேட்டுட்டு வாங்குங்க, ஒரே சாமானுக்கு கடைக்குக் கடை வித்தியாசம் இருக்கும்.

முடிச்சதும் கீழ எறங்கி சூப் துலாங் சாப்பிட்டுட்டுப் போங்க. நம்ம இந்திய முஸ்லிம்கள் இந்த ஊர்லயே உண்டாக்குன சாப்பாடு அது, ஆட்டெலும்ப செவப்பு மசாலால போட்டு, உள்ள இருக்குற மஜ்ஜைய ஸ்ட்ரா வச்சு உறிஞ்சணும், மிச்ச மசாலாவுக்கு ரொட்டியத் தொட்டுக்கணும். தனியா போகாம செக்‌ஷன் பசங்களோட போங்க, ஓஆர்டி ஆயிட்டா அவனவன் யூனிவர்சிட்டி, வேலைன்னு பிரிஞ்சிருவான், அடுத்து ஐசிடி வரைக்கும் எல்லாரையும் ஒரே மேசைல உக்கார வைக்கிறது ரொம்ப கஷ்டம்.