ஓபிடி பிரேக்அவுட் பாக்ஸ்: கேன் வயரிங் கோளாறு தேட வாங்கலாமா?

வண்டியின் ஓபிடி சாக்கெட்டில் (கோளாறு பார்ப்பதற்கான 16 பின் சாக்கெட்) ஸ்கேனரைச் செருகினால், எஞ்சின் ஈசியு (கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர்) பேசவில்லை என்று யூ0100, ஏபிஎஸ் (பிரேக் கட்டுப்பாடு) பேசவில்லை என்று யூ0121 கோளாறு கோடு வருகிறது. சில வண்டியில் ஸ்கேனர் இணையவே மறுக்கும். இனி மீட்டரை எடுத்தாக வேண்டும். பல பட்டறைகளில் மீட்டரின் முள்ளை நேராக ஓபிடி சாக்கெட்டுக்குள் குத்திவிடுகிறார்கள். முள் தடிமன் என்பதால் உள்ளே இருக்கும் டெர்மினல் விரிந்துவிடும். பிறகு எந்த ஸ்கேனரும் அதில் சரியாகக் கவ்வாது. பிரேக்அவுட் பாக்ஸ் என்ற இந்தப் பெட்டி அந்தச் சாக்கெட்டின் 16 பின்னையும் வெளியே கொண்டுவந்து ஒவ்வொன்றுக்கும் 4 மி.மீ. பனானா சாக்கெட் தருகிறது. காசு கொடுப்பது முதலில் இதற்காகத்தான்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஈசியுக்கள் அடங்கச் சில நிமிடம் விட்டு, 6-ம் பின்னுக்கும் (கேன் ஹை) 14-ம் பின்னுக்கும் (கேன் லோ) நடுவே ஓம் பாருங்கள். ஈசியுக்கள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்தான் கேன் பஸ். பஸ்ஸின் இரு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் இருப்பதால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று ஷார்ட். 40 வந்தால் எங்கோ மூன்றாவது ரெசிஸ்டர் சேர்ந்திருக்கிறது. வெளியே வாங்கி மாட்டிய கருவிகளை முதலில் பாருங்கள்.

60 வந்தாலும் நிறுத்திவிடாதீர்கள். நடுவில் கிளையாகப் பிரியும் ஒரு ஈசியுவின் வயர் அறுந்திருந்தாலும் 60 தான் காட்டும். ஒரு வயர் மட்டும் பாடியில் பட்டிருந்தாலும் அதே 60 தான். 6-லிருந்து 4-க்கும் (எர்த் பின்), 14-லிருந்து 4-க்கும் தனித்தனியாக அளந்தால்தான் அது பிடிபடும். பிறகு பேட்டரியை மாட்டி, இக்னிஷன் ஆன் செய்து வோல்ட் பாருங்கள். ஹை 2.5-க்குச் சற்று மேலும், லோ சற்று கீழும் நின்று, இரண்டையும் கூட்டினால் 5-ஐ ஒட்டி வரவேண்டும். ஹை பூஜ்யத்தில் கிடந்தால் எர்த்தில் ஷார்ட். லோ 12-க்கு ஏறியிருந்தால் பேட்டரி லைனில் ஷார்ட்.

பெட்டியின் உண்மையான பலன் இதற்குப் பிறகுதான் தெரியும். பேட்டரி நெகட்டிவை மறுபடி கழற்றி, மீட்டரைச் சொருகி அப்படியே விட்டுவிட்டு, ஓம் அளவில் வைத்தபடி கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வரலாம். எதைக் கழற்றும்போது ஷார்ட் விலகுகிறதோ, கோளாறு அந்தக் கிளையில். ரெசிஸ்டர் உள்ள ஈசியுவைக் கழற்றினால் 120-க்குப் போவது இயல்பு; பல வண்டிகளில் எஞ்சின் ஈசியுவுக்குள் ஒன்று இருக்கும். எலி கடித்த பானட் பகுதி, கதவு மடங்கும் இடத்தில் உள்ள ரப்பர் குழாய், தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்த கனெக்டர், அலாரத்துக்காகச் சுரண்டி ஒட்டிய வயர் ஆகியவற்றிலிருந்து ஆரம்பித்தால் நேரம் மிச்சம். ஒட்டுப்போடும்போது இரண்டு வயரின் முறுக்கையும் முடிந்தவரை அப்படியே காப்பாற்றுங்கள்.

பெட்டியின் எல்இடி விளக்குகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம். 500 கேபிபிஎஸ் வேகத்தில் ஒரு பிட் 2 மைக்ரோ செகண்டுதான். சிதைந்த சிக்னலுக்கும் விளக்கு மினுங்கும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு ஆசில்லோஸ்கோப் (சிக்னலை அலையாக வரைந்து காட்டும் கருவி) வேண்டும், அதன் இரு சேனலையும் மாட்ட இந்த சாக்கெட்டுகள் வசதி.

விலை குறைந்த பெட்டியை வண்டியில் மாட்டுமுன் சோதியுங்கள். தனியாக வைத்து 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் பார்த்தால் ஓபன் (இணைப்பே இல்லை என்று) வரவேண்டும். ஏதாவது அளவு காட்டினால் விளக்குச் சர்க்யூட்டே பஸ்ஸின் அளவைக் கெடுக்கும். 4-ம் 5-ம் உள்ளே சேர்ந்திருக்கவும் கூடாது. சேர்ந்திருந்தால் இரண்டு எர்த்தையும் தனித்தனியாகச் சோதிக்க முடியாது. ஒவ்வொரு பின்னும் முனைக்கு முனை கண்டினியூட்டி தருகிறதா என்று கேபிளை ஆட்டியபடியே பாருங்கள்.

ஒரு பெரிய வரம்பு இருக்கிறது. கேட்வே (ஓபிடி சாக்கெட்டுக்கும் உள்ளே உள்ள பஸ்களுக்கும் நடுவே நிற்கும் ஈசியு) உள்ள புது வண்டிகளில் 6-லும் 14-லும் கிடைப்பது கேட்வே வரையிலான துண்டு மட்டும். அங்கே எல்லாம் சரியாக இருந்து, பின்னால் உள்ள பஸ் செத்துக் கிடக்கலாம். அங்கே கேட்வே கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய ஊசி முள் விட்டுத்தான் அளக்க முடியும். பெட்டி வாங்கும்போதே அந்த முள் செட்டையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.