ஒமேகா சென்டாரியா, எம்13-ஆ: கோடையின் அமாவாசை இரவை எதற்குக் கொடுப்பது?

புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர், கோள விண்மீன் கொத்துகளில் (லட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்டவை) எதை முதலில் பார்க்கலாம் என்று கையேட்டைப் புரட்டினால் அநேகமாக எம்13 என்றுதான் இருக்கும். ஹெர்குலிஸ் மண்டலத்தில் இருக்கும் கொத்து. நல்ல கொத்துதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாட்டில் உட்கார்ந்துகொண்டு அதை முதலிடத்தில் வைப்பது எனக்கு ஒப்புதல் இல்லை. அந்தக் கையேடுகளில் பெரும்பாலானவை லண்டன், பாரிஸ், நியூயார்க் வானத்தை வைத்து எழுதப்பட்டவை. தென்வானத்துச் சென்டாரஸ் மண்டலத்தில் இருக்கும் ஒமேகா சென்டாரி என்ற கொத்து லண்டனில் உதிப்பதே இல்லை. தெரியாததைப் பரிந்துரைக்க முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

என்னிடம் இருப்பது எட்டு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்றும் 10×50 பைனாகுலர் ஒன்றும். பார்ப்பது திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு ஓரத்தில். மாசியிலிருந்து வைகாசி வரை வானம் தெளிவாகக் கிடைக்கிற அமாவாசை இரவுகளை ஒமேகா சென்டாரிக்கே கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டேன். மற்றவற்றுக்கு மிச்ச நேரம்.

போட்டியாளர்களைச் சட்டென்று பார்த்துவிடலாம். எம்13-இன் பிரகாசம் 5.8 (இந்த எண் குறையக் குறையப் பிரகாசம் கூடும்), தூரம் 22,000 ஒளியாண்டுக்குக் கொஞ்சம் மேல், சில லட்சம் விண்மீன்கள். 1974 நவம்பர் 16-ஆம் தேதி அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியிலிருந்து 1,679 பிட் நீளச் செய்தி ஒன்றை இதை நோக்கித்தான் அனுப்பினார்கள். அதன் புகழில் பாதி அந்தச் செய்தியால் வந்தது. தனுசு மண்டலத்து எம்22 இன்னும் பிரகாசம், 5.1. தூரமோ எம்13-இல் பாதிதான். அதனால் அதன் விண்மீன்கள் சிறிய கருவியிலும் தனித்தனியாகப் பிரியும். கேட்டை நட்சத்திரத்துக்கு ஒட்டினாற்போல் மேற்கே இருக்கும் எம்4 சுமார் 6,000 ஒளியாண்டுதான், கோளக் கொத்துகளில் நமக்கு மிக அருகில் உள்ளவற்றில் ஒன்று. 47 டுக்கானே என்று தெற்கே ஒன்று இருக்கிறது. அழகில் ஒமேகாவுக்கே சவால் விடும் என்பார்கள். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து பத்து டிகிரியைக்கூடத் தொடுவதில்லை. நள்ளிரவில் உச்சிக்கு, அதாவது தன் அதிகபட்ச உயரத்துக்கு, வருவதும் புரட்டாசி, ஐப்பசி வாக்கில், மழை தொடங்கும் காலம். விட்டுவிடலாம்.

ஒமேகா சென்டாரியின் கதை வேறு. பிரகாசம் 3.9. ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் வெறும் கண்ணுக்கே மங்கிய நட்சத்திரமாகத் தெரியும். பண்டைய வானியலாளர் தாலமி அதை நட்சத்திரம் என்றே பட்டியலில் சேர்த்தார். 1603-இல் ஜெர்மானியரான பேயர் தன் வான வரைபடத்தில் நட்சத்திரத்துக்குக் கொடுப்பது போலவே ஒமேகா என்று எழுத்து கொடுத்தார். அந்தப் பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1677-இல் செயின்ட் ஹெலினா தீவுக்குப் போன எட்மண்ட் ஹாலிதான் அது நட்சத்திரம் இல்லை, ஒளித் திட்டு என்று குறித்தார். வேடிக்கை என்னவென்றால், 1714-இல் எம்13-ஐக் கண்டு சொன்னவரும் அதே ஹாலிதான்.

தூரம் சுமார் 17,000 ஒளியாண்டு. விட்டம் 150 ஒளியாண்டு அளவில். ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள், சூரியனைப் போல 40 லட்சம் மடங்கு நிறை. நம் பால்வீதியில் இதைவிடக் கனமான கோளக் கொத்து கிடையாது. வயது 1,200 கோடி ஆண்டு அளவில். வானத்தில் அது பிடிக்கும் பரப்பு முழு நிலவைவிடப் பெரியது.

எண்ணிக்கை ஒருபுறம் இருக்கட்டும். கண்ணாடி வழியே பார்க்கும்போது தெரிகிற வித்தியாசம்தான் எனக்குப் பெரிது. எம்13, எம்3 என்ற இன்னொரு கொத்து, இரண்டிலும் நடுவில் ஒளி திரண்டு நிற்கும், ஓரத்தில்தான் விண்மீன்கள் உதிர்ந்து தெரியும். ஒமேகாவின் நடுப்பகுதி அப்படி இறுகியதல்ல, பரந்து கிடப்பது. 25 மி.மீ. ஐபீஸை (கண்ணை வைக்கும் லென்ஸ்) போட்டு ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் நின்றால், ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கறுப்புத் தட்டில் ரவையைக் கொட்டிப் பரப்பியது போல ஒரே சீராகப் பொரிப் பொரியாகத் தெரியும். இன்னும் கவனித்தால் வட்டமாக இல்லாமல் கொஞ்சம் சப்பையாக இருப்பதும் புரியும். கொத்து தன்னைத்தானே சுற்றுவதால் வந்த சப்பை அது.

தேரிக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவரின் மகன் ஒருநாள் வந்து நின்றான். முதலில் எம்3-ஐக் காட்டினேன். "ஏண்ணே, கண்ணாடில தூசி கெடக்கோ?" என்றான். குழாயைத் தெற்கே திருப்பி ஒமேகாவைக் காட்டியதும் பேச்சில்லை. ஒரு கண் மாற்றி ஒரு கண் வைத்துப் பார்த்தவன், கடைசியில் "இதுல நம்ம சூரியன் எங்கண்ணே?" என்று கேட்டான். நம் சூரியன் இந்தக் கொத்தில் இல்லை என்று விளக்கவே ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனால் தூசி என்று மட்டும் சொல்லவில்லை.

எம்3-ஐச் சும்மா தள்ளிவிட முடியாது. உண்மையில் ஒமேகாவுக்கு நேர்ப் போட்டி அதுதான், எம்13 அல்ல. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உச்சிக்கு வருகின்றன. எம்3 எழுபது டிகிரி உயரத்தில், கிட்டத்தட்டத் தலைக்கு மேலே நிற்கும். ஒமேகா எங்கள் பக்கம் அதிகபட்சம் 34 டிகிரி. சென்னையில் முப்பதுகூட முழுசாக வராது. தாழ்வாக இருப்பதால் தலைக்கு மேலே இருப்பதைப் போல ஒன்றேமுக்கால் மடங்குக்கு மேல் காற்றைக் கடந்து அதன் ஒளி வர வேண்டும். கொஞ்சம் மங்கும், கொஞ்சம் நடுங்கும். அப்படி மங்கியும் எம்3-ஐவிடப் பிரகாசமாகவே தெரிகிறது, ஏனென்றால் எம்3-இன் பிரகாசம் 6.2, தூரம் 34,000 ஒளியாண்டு. துடிக்கும் விண்மீன்களை ஆராய்கிறவர்களுக்கு எம்3 பொக்கிஷம், இருநூறுக்கும் மேல் இருக்கின்றன. நம்மைப் போல் கண்ணால் பார்ப்பவர்களுக்கு அது பயன்படாது.

ஆகவே எல்லாம் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: நீங்கள் பார்க்கிற இடத்துக்குத் தெற்கே என்ன இருக்கிறது?

இதைத்தான் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. வானம் எவ்வளவு இருட்டு என்று கேட்கிறார்கள், எந்தத் திசையில் இருட்டு என்று கேட்பதில்லை. 34 டிகிரி என்பது மூன்றில் ஒரு பங்கு உயரம்தான். தெற்கே பத்து கிலோமீட்டரில் ஒரு டவுன் இருந்தால் அதன் வெளிச்சக் குடை ஒமேகா நிற்கிற இடத்தை அப்படியே மூடிவிடும். தென்னந்தோப்பு ஒன்று போதும், இருபது டிகிரி வரைக்கும் போய்விடும். அதே இடத்தில் எம்13-க்கு ஒரு பாதிப்பும் இருக்காது, அது வடக்கே அறுபது டிகிரிக்கு மேலே நிம்மதியாக நிற்கும். சென்னைக்கு வடக்கே, கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்ப் பார்க்கிறவர்களுக்கு நகரம் முழுவதும் தெற்கேதான். அவர்களிடம் ஒமேகாவைப் பார் என்று சொன்னால் அது வயிற்றெரிச்சல். அவர்கள் எம்13, எம்3 என்றே போகலாம். அதே சென்னைக்காரர் கல்பாக்கம் தாண்டிக் கடலோரமாகத் தெற்கே இறங்கிவிட்டால் நகரம் முதுகுக்குப் பின்னால் போய்விடும், கணக்கு மாறிவிடும்.

எங்கள் பக்கம் தெற்கே சில கிராமங்கள், அப்புறம் மன்னார் வளைகுடாதான். ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மணப்பாடு எல்லாமே இதே வசதி. கடலோரத்துக்கென்று தொந்தரவும் உண்டு. ராத்திரி ஒரு மணிக்கு மேல் ஈரம் இறங்கி ஃபைண்டரின் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) முகப்பு பூத்துப்போகும். உப்புக் காற்று கண்ணாடிப் பூச்சுக்கு நல்லதில்லை என்பதால் பார்த்து முடித்ததும் மூடியைப் போட்டு, வீட்டுக்குள் கொண்டுபோய் விடுகிறேன். மலைமேல் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு ஆய்வகம் அமைந்ததற்கு, தென்வானமும் எட்டுகிற அட்சரேகை ஒரு காரணம். வடக்கே டெல்லியில் ஒமேகா பதினான்கு டிகிரிதான் எழும்பும்.

அடுத்தது பருவம். எம்13 இரவு ஒன்பது மணிக்கு உச்சியில் நிற்பது ஆடி மாதத்தில், எம்22 ஆவணியில். எங்கள் பக்கம் அப்போது மழை இல்லாவிட்டாலும் காற்று உண்டு. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் டாப்சோனியன் குழாய் எம்மாத்திரம்? 150 மடங்கு உருப்பெருக்கத்தில் கொத்து ஐபீஸுக்குள் ஊஞ்சலாடும், தேரி மணலும் கூடவே பறந்து வரும். ஒமேகாவோ சித்திரை முதல் நாள் இரவில் சரியாகப் பன்னிரண்டேகால் மணிவாக்கில் உச்சிக்கு வருகிறது. மாசிக் கடைசியில் அது பின்னிரவு இரண்டேகால் மணி, வைகாசிக் கடைசியில் இரவு எட்டேகால். உச்சிக்கு முன்னும் பின்னுமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் அது இருபது டிகிரிக்கு மேலே இருக்கும். அவசரமே வேண்டாம்.

கண்டுபிடிப்பதும் சுலபம். சித்திரை நட்சத்திரம் தெற்கு வடக்குக் கோட்டுக்கு வரும்போது ஒமேகாவும் அதே கோட்டில்தான் இருக்கும். கையை நீட்டி, சித்திரையிலிருந்து நேர் கீழே ஒன்றேமுக்கால் சாண் இறங்குங்கள். பிடிபடவில்லை என்றால் தென் சிலுவை எனப்படும் திரிசங்குக்குக் கிழக்கே இருக்கும் பீட்டா சென்டாரியிலிருந்து எப்சிலான் சென்டாரிக்கு ஒரு கோடு போட்டு, கிட்டத்தட்ட அதே தூரம் மேலே நீட்டினால் மங்கிய பஞ்சு ஒன்று பைனாகுலரில் விழும். சித்ரா பௌர்ணமியன்று மட்டும் முயற்சி செய்ய வேண்டாம், நிலவு சித்திரைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு எல்லாவற்றையும் கழுவிவிடும்.

ஒரு நியாயமான ஆட்சேபணை: ஒமேகாவைக் கோளக் கொத்து என்று சொல்வதே சரியா? அதில் வெவ்வேறு தலைமுறை விண்மீன்கள் கலந்திருக்கின்றன, அது பால்வீதியின் சுழற்சிக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. என்றோ நம் பால்வீதி விழுங்கிய ஒரு குட்டி விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸி) மிச்சக் கரு என்பதுதான் இன்று பலரின் எண்ணம். 2024-இல், ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி இருபது ஆண்டுகளாக எடுத்த படங்களை அலசி, அதன் நடுவில் ஏழு விண்மீன்கள் அசாத்திய வேகத்தில் ஓடுவதைக் கண்டார்கள். அவற்றைப் பிடித்து வைத்திருக்க, குறைந்தது 8,200 சூரிய நிறையுள்ள கருந்துளை ஒன்று அங்கே வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ஆக, கொத்துகளுக்கான போட்டியில் ஒரு மண்டலத்தின் கருவை இறக்குவது அழுகுணி ஆட்டம் என்று எம்13 கட்சிக்காரர்கள் சொன்னால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் பார்ப்பேன்.

படம் எடுப்பவர்களுக்கு என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். எனக்கு அதில் பழக்கம் குறைவு. தாழ்ந்த உயரத்தில் காற்றின் நடுக்கம் படத்தில் எவ்வளவு படுத்தும் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். பன்னிரண்டு அங்குலமும் அதற்கு மேலும் உள்ள கருவியில் எம்13 வேறு ஆளாக மாறிவிடுகிறது என்று கேள்வி, அதில் நான் நின்று நிதானமாகப் பார்த்ததில்லை.

பைனாகுலர் மட்டும் உள்ளவர்களுக்குக் குழப்பமே வேண்டாம், ஒமேகாதான். அதைப் பார்த்த கையோடு நாலரை டிகிரி வடக்கே நகர்ந்தால் சென்டாரஸ் ஏ என்ற விண்மீன் மண்டலமும் கிடைக்கும், எட்டு அங்குலத்தில் அதன் குறுக்கே ஓடும் கறுப்புப் பட்டையும் தெரியும். ஆனி பிறந்து ஒமேகா மேற்கே சாயத் தொடங்கிய பிறகு, காற்று ஓய்கிற இரவு ஏதாவது வாய்த்தால் நான் திரும்புவது எம்22 பக்கம், எம்13 அதற்கும் அப்புறம்தான்.