தேங்காய்நார் சுற்றிய பூனைக் கம்பம்: கயிறு அருமை, அடி லேசு

சோபா முனையையும் பவானி ஜமுக்காளத்தையும் பூனை பிறாண்டுவது வெறும் சேட்டையில்லை; நகத்தின் பழைய உறை கழலவும், பாதத்து வாசனையைப் பதிக்கவும்தான். பொள்ளாச்சி நார்க்கயிறு சுற்றிய இந்தக் கம்பத்தில் முறுக்கு இறுக்கம், நகம் நன்றாகப் பதியும். நார்த்தூள் கொட்டும், கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

கோளாறு உயரத்தில். 45 செ.மீ. குட்டிக்குச் சரி, வளர்ந்த பூனை முழுசாக நிமிர்ந்து இழுக்க 80 செ.மீ.யாவது வேண்டும். அடிப்பலகையும் ரொம்ப லேசு. ஒருமுறை ஆடிவிட்டால் போதும், துரை மறுபடி சோபாவுக்கே போய்விடுவார். ஒன்றரை அடிச் சதுரக் கடப்பாக்கல்லில் துளைபோட்டு, பலகையை போல்ட்டால் முடுக்கினால் அசையாது. மூலையில் ஒளிக்காமல், பிறாண்டும் சோபாவை ஒட்டியே நிறுத்துங்க. கயிறு பிசிறடித்தால் உடனே மாற்ற வேண்டாம். பூனைக்கு அதுதான் பிடிக்கும்.